ஜீப்ரா மீனை வைத்து ஆட்டிசத்தை ஆராய்கிறார்களாமே, மீனுக்கு எப்படி ஆட்டிசம் வரும்?

மண்டபத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று மதுரையில் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார். பேச்சு இன்னும் வரவில்லை, ராத்திரி ஒரு மணி இரண்டு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழித்திருக்கிறான், மலச்சிக்கல் வேறு, போன வருஷம் வலிப்பு வந்ததில் இருந்து அதற்கும் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அப்பா விசைப்படகில் போகிறவர், அதனால் ஆஸ்பத்திரி, தெரபி எல்லாம் நானும் என் அம்மாவும்தான்.

கேள்விக்கு வருகிறேன். அக்கா மகன் தொண்டியில் கடலியல் படிக்கிறான். வீட்டுக்கு வந்திருந்தபோது, சித்தி, ஆட்டிசத்தை இப்போது ஜீப்ரா மீனில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றான். பிறந்ததில் இருந்து மீனோடுதான் இருக்கிறோம், எனக்கு இது பிடிபடவே இல்லை. மீன் பேசாது, தாய் முகத்தைப் பார்த்துச் சிரிக்காது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அதற்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று யார், எதை வைத்துச் சொல்வது?

இன்னொன்று. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: மீனில் சோதித்து ஆட்டிசத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அது கொண்டைக்கடலையில் இருக்கிற சத்துதான் என்று. அதையே பொடியாக ஒருவர் விற்கிறார், மாதத்துக்கு ஆகும் செலவு எங்களுக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் பலன் இருக்கும் என்றால் எப்படியாவது புரட்டிவிடுவோம். வாங்கலாமா?

கடைசியாக, இதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. மாசமாக இருக்கும்போது நீ சுறாவும் திருக்கையும் சாப்பிட்டாய், அதனால்தான் பிள்ளை இப்படி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அது உண்மையா?


பரமக்குடி பையன்:

அக்கா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி, பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் ஜீப்ரா மீன்களோடுதான் வேலை. கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்யும்.

நீங்கள் சாப்பிட்ட மீனால் இது வரவில்லை. ஆட்டிசத்தில் பெரும்பங்கு மரபணு சார்ந்தது. ஒரே மரபணு கிடையாது, நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள், பல குழந்தைகளுக்கு அந்த மாற்றம் அப்பா அம்மா இரண்டு பேரிடமும் இல்லாமல் புதிதாகவே உண்டாகியிருக்கும். சுறா மாதிரிப் பெரிய வேட்டை மீன்களைக் கர்ப்ப காலத்தில் குறைக்கச் சொல்வது உண்மைதான், அது பாதரசத்துக்காகச் சொல்லும் பொதுவான எச்சரிக்கை, உங்கள் மகனுடைய ஆட்டிசத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. நம் கடற்கரை முழுக்கப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு கொடுக்கிறோம். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வாசித்தே காட்டுங்கள்.

இப்போது மீன். ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன்: மீனுக்கு ஆட்டிசம் கிடையாது. ஆட்டிசம் என்பது ஒரு மனிதக் குழந்தை பேசுவதை, விளையாடுவதை, மற்றவர்களோடு பழகுவதை, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குவதை உட்கார்ந்து பார்த்து டாக்டர் சொல்லும் முடிவு, இரத்தத்தில் பார்த்துச் சொல்வது இல்லை. அந்த முடிவை மீனுக்குச் சொல்ல முடியாது. நாங்கள் கேட்பது வேறு, அதைவிடச் சின்னக் கேள்வி: ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பழுதாகியிருக்கும் அதே மரபணுவை மீனில் பழுதாக்கினால், மூளை வளரும்போது எந்த இடத்தில், எந்த நாளில், எந்த வகை நரம்பணு தடம் மாறுகிறது?

இதற்கு ஏன் இந்த மீன் என்றால், இது நம் பாம்பன் கடலில் கிடைக்கும் மீன் இல்லை, நன்னீர் மீன், கங்கை பிரம்மபுத்திரா சமவெளியிலும் இந்தியாவில் இன்னும் பல இடங்களிலும் ஓடை, வயல் தண்ணீரில் வாழ்வது, வளர்ந்தாலே மூன்று நாலு சென்டிமீட்டர்தான். மதுரை, ராமநாதபுரம் வண்ணமீன் கடைகளில் நீலக் கோடு போட்டு ஓடுமே அதுதான். ஆய்வகத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர், அவருடைய பெரிய கட்டுரை 1981-ல் வந்தது. காலையில் விளக்கைப் போட்டதும் ஒரு ஜோடி இருநூறு முட்டை வரை போட்டுவிடும். கரு தாய் வயிற்றுக்குள் வளராமல் வெளியே தண்ணீரில் வளர்கிறது, அதுவும் கண்ணாடி மாதிரித் தெளிவாக, இதயம் துடிப்பதையும் நரம்பு நீள்வதையும் நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்கலாம். 28.5 டிகிரி சூட்டில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், ஐந்தாம் நாள் தானாக நீந்தி இரை தேடும். உங்கள் ஊர் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கடல்விரால் குஞ்சுக்குப் போடுகிறார்களே ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உயிர் இரை, அதையேதான் இதற்கும் போடுகிறோம்.

2013-ல் இதன் மரபணுத் தொகுதி முழுக்க வெளியானது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனில் குறைந்தது ஒரு இணையாவது இருக்கிறது. அதே வருஷம்தான் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியை வைத்து மீனில் வேண்டிய மரபணுவை வெட்டலாம் என்றும் காட்டினார்கள். இன்னொரு பெரிய காரியமும் அந்த வருஷமே நடந்தது: மீன் குஞ்சின் மூளையில் சுமார் ஒரு லட்சம் நரம்பணுக்கள், அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் வேலை செய்வதை, ஒவ்வொன்றாக மின்னுவதை, உயிருள்ள குஞ்சில் ஒரே நேரத்தில் படம் எடுத்தார்கள். நம் மூளையில் 8,600 கோடி. அதை இப்படிப் பார்க்க வழியே இல்லை.

சரி, உங்கள் மகனுக்குத் தூக்கம் இல்லை என்றீர்களே, அதில் இருந்தே ஒன்று சொல்கிறேன். எலி பகலில் தூங்கி ராத்திரி அலையும் பிராணி. ஜீப்ரா மீன் நம்மை மாதிரி, பகலில் ஓடும், ராத்திரி தூங்கும். ஒரு தட்டில் 96 சின்னக் குழிகள், குழிக்கு ஒரு குஞ்சு, மேலே அகச்சிவப்புக் கேமரா, இரவு முழுக்க எது எவ்வளவு அசைந்தது என்று கணினி எழுதிக்கொண்டே இருக்கும். சிஎன்டிஎன்ஏபி2 என்று ஒரு மரபணு. மனிதர்களில் இதன் இரண்டு நகலும் பழுதானால் கடுமையான வலிப்பும், பலருக்கு ஆட்டிசமும் வருகிறது என்று 2006-ல் அமெரிக்காவின் ஆமிஷ் குடும்பங்களில் கண்டார்கள். மீனில் இதை வெட்டியபோது குஞ்சுகள் ராத்திரியில் தூங்காமல் அலைந்தன, வலிப்பைத் தூண்டும் மருந்துக்குச் சீக்கிரம் வசப்பட்டன, மூளையில் மற்ற நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா வகை அணுக்கள் சில இடங்களில் குறைவாக இருந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் எல்லன் ஹாஃப்மன் குழு 2016-ல் செய்தது.

உங்கள் கொண்டைக்கடலைச் செய்தி இதே ஆய்வில் இருந்து கிளம்பியதாகத்தான் இருக்கும். அந்த மீன்களுக்குப் பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்ததில், பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரஜன் போல வேலை செய்யும் பயோகானின்-ஏ என்ற தாவரப் பொருள் ராத்திரி அலைச்சலைக் குறைத்தது. கொண்டைக்கடலையிலும் சிவப்புக் குளோவர் என்ற தீவனச் செடியிலும் அது இருக்கிறது. ஆய்வில் உள்ளது அவ்வளவுதான். ஒரு மரபணு வெட்டப்பட்ட, ஒரு வாரம்கூட ஆகாத குஞ்சுகளின் இரவு அசைவு குறைந்தது. பேச்சு, பழக்கம், கவனம் எதுவும் அதில் இல்லை, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையும் இல்லை. ஈஸ்ட்ரஜன் போல வேலை செய்யும் ஒன்றைச் செறிவாக்கி நாலு வயதுப் பையனுக்குத் தினமும் கொடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. சுண்டல் தாராளமாகக் கொடுங்கள், மலச்சிக்கலுக்கும் நல்லது. அந்தப் பொடி வேண்டாம் அக்கா, அந்தக் காசைப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


கீழக்கரை வாப்பா:

தம்பி எழுதியதைப் படித்தேன், பொறுமையாக எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு இப்போது இருபத்தொரு வயது, ஆட்டிசம் உள்ளவன். என் கடையில் சரக்கு அடுக்குவது அவன்தான், எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்பது அவனுக்குத் தெரிகிற மாதிரி எனக்கே தெரியாது. கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போனால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவான், ஆனால் சாயங்காலம் அவன் சிநேகிதன் ஒருவன் வந்தால் இரண்டு பேரும் ஒன்றுமே பேசாமல் கடற்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், அதில் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கூட்டத்தோடு சேராத மீனைப் பார்த்து இதற்குச் சமூகத் தன்மை குறைவு என்று எழுதி, அப்புறம் மருந்து கொடுத்து அதைக் கூட்டத்தில் சேர்த்து, சரியாகிவிட்டது என்பீர்களா? என் மகனிடம் சரிசெய்ய என்ன இருக்கிறது?

நாம் இருக்கும் மாவட்டத்தில் இதைச் சும்மா கேட்கவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கொண்டுபோய்க் கட்டிப்போடு என்ற எண்ணம் முழுசாக இன்னும் போகவில்லை, என் மகன் சின்னவனாக இருந்தபோது என்னிடமே சொன்னார்கள். அதனால்தான் சரிசெய்வது என்ற பேச்சு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மண்டபத்துத் தங்கச்சி, பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. நாலு வயதில் என் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை.


பரமக்குடி பையன்:

காக்கா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, எங்கள் துறைக்குள்ளும் இந்தச் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கூட்டம் சேர்வதை எப்படி அளக்கிறோம் என்று சொல்கிறேன், அதன் குறையும் அதிலேயே தெரியும். ஆங்கில யு எழுத்து வடிவத்தில் ஒரு தொட்டி. ஒரு கையின் முனையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு மீன், மறு கையின் முனை காலி. நடுவில் விட்ட மீன் எந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. ஒரு வாரக் குஞ்சு இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், மூன்று வாரம் ஆனதும்தான் பெரும்பாலானவை மற்ற மீன் இருக்கும் பக்கம் ஒட்டிக்கொள்ளும், 2015-ல் இலண்டனில் இதை வரிசையாக அளந்து காட்டினார்கள். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 என்ற மரபணுவைப் பழுதாக்கிய மீன்கள் இந்தச் சோதனையில் அவ்வளவாக ஒட்டுவதில்லை.

ஆனால் ஒரு மீன் விலகி நிற்க ஆயிரம் காரணம் இருக்கலாம். கண் மங்கலாக இருக்கலாம், நீந்தும் பலம் குறைவாக இருக்கலாம், பயந்திருக்கலாம். அதனால் பார்வை, நீச்சல், அதிர்ச்சிக்குத் துள்ளுவது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும், அதைச் செய்யாமல் எழுதிய கட்டுரைகளை நான் நம்புவதில்லை. மீன் கூட்டம் சேர்வது வேட்டை மீனிடம் இருந்து தப்பிக்க, உங்கள் மகனும் அவன் சிநேகிதனும் கடற்கரையில் உட்கார்வது நட்பு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது எனக்கும் பிடிக்காது.

வரம்பு இன்னும் உண்டு. நமக்கிருக்கும் ஆறு அடுக்குப் பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை. மீன்களின் முன்னோரில் மரபணுத் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டிப்பானதால் நம்மிடம் ஒன்றாக இருக்கும் ஷாங்க்3 மீனிடம் இரண்டாக இருக்கிறது, ஒன்றை வெட்டினால் மற்றது கொஞ்சம் ஈடுகொடுத்துவிடும். மனிதர்களில் அதன் ஒரு நகல் போனாலே பேச்சும் வளர்ச்சியும் தாமதமாகி, பலருக்கு ஆட்டிசமும் சேரும் ஃபீலன்-மெக்டெர்மிட் என்ற நிலை வந்துவிடுகிறது. அதனால் மீனில் பார்த்ததை அப்படியே குழந்தைக்குத் தூக்கி வைக்க முடியாது.

விலங்கில் ஜெயித்த மருந்து மனிதரில் தோற்றதும் நிறைய. ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணு நிலைக்கு, எலியில் அருமையாக வேலை செய்த, எம்ஜிஎல்யூஆர்5 என்ற நரம்பணு ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் மனிதச் சோதனையில் பலன் தரவில்லை. ஆட்டிசத்துக்கே என்று புமெட்டனைட் என்ற மருந்தைப் பெரிய சோதனை வரை கொண்டுபோய், பலன் இல்லை என்று 2021-ல் நிறுத்தினார்கள்.

சரிசெய்வது பற்றி. உங்கள் மகனை மாற்ற மருந்து தேடும் எண்ணம் எனக்கு இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வலிப்பு, தூக்கமின்மை, வயிற்றுத் தொல்லை, இவை அந்தப் பிள்ளைகளையே வாட்டுகின்றன, இவற்றில்தான் மீனால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிறேன். ஷாங்க்3 மீன்களில் குடல் உணவைத் தள்ளுவது மெதுவாக இருந்தது, குடல் அசைவைத் தூண்டும் செரடோனினைக் குடலில் சுரக்கும் அணுக்கள் குறைவாக இருந்தன என்று 2019-ல் கண்டார்கள். குஞ்சு கண்ணாடி மாதிரி இருப்பதால் ஒளிரும் இரை போட்டு அது குடலில் நகர்வதை வெளியே இருந்தே பார்க்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மலச்சிக்கலைச் சாப்பாட்டுப் பிடிவாதத்தால் வருவது என்று மட்டும் பார்த்துவந்தோம், சில பேருக்கு அதே மரபணுவே குடலிலும் வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு தடயம். வலிப்பிலும் ஒன்று: டிராவே என்று கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் மோசமான வலிப்பு நோய், அந்தப் பிள்ளைகள் பலருக்கு ஆட்டிசக் குணங்களும் இருக்கும். அதன் மரபணு பழுதான மீன்களில் 320 மருந்துகளைச் சோதித்து, பழைய அலர்ஜி மருந்தான கிளெமிசோல் வலிப்பை அடக்குகிறது என்று ஸ்காட் பராபன் குழு 2013-ல் கண்டது, அது மனிதச் சோதனை வரை போயிருக்கிறது.


தொண்டி மாணவன்:

அண்ணே, நான் வேறு ஒன்று படித்தேன். மரபணுவை வெட்டாமலே, மீன் முட்டை இருக்கும் தண்ணீரில் வால்ப்ரோயேட் மருந்தைக் கலந்தால் போதும், குஞ்சுகள் பெரிதானதும் கூட்டம் சேர்வதில்லை என்று. செலவும் கம்மி, எங்கள் கல்லூரி மாதிரி இடத்தில்கூடச் செய்யலாம் போலிருக்கிறதே? இது நம்பத்தகுந்த முறையா?


மண்டபத்துக்காரி:

ஐயோ, ஒரு நிமிஷம். என் மகனுக்கு வலிப்புக்குக் கொடுக்கும் சிரப்பில் சோடியம் வால்ப்ரோயேட் என்றுதான் போட்டிருக்கிறது! இப்போதுதான் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அந்த மருந்தே ஆட்டிசம் வரவைக்கும் என்றால் நான் தினமும் இரண்டு வேளை என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறேன்? இன்றைக்கு ராத்திரி கொடுக்கட்டுமா வேண்டாமா, யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.


ராம்நாடு குழந்தை டாக்டர்:

கொடுங்கம்மா. வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான அளவில் கொடுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அந்தப் பயம்தான் நிஜமான பயம்.

மீன் ஆராய்ச்சியில் மருந்தைக் கலப்பது கரு உருவாகும் முதல் ஒன்றிரண்டு நாட்களில். மனிதருக்கு அதன் இணை, தாய் கர்ப்பமாக இருக்கும்போது வால்ப்ரோயேட் சாப்பிடுவது. அதில் உண்மையான அபாயம் உண்டு: டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த 2013-ம் ஆண்டு ஆய்வில், மொத்தக் குழந்தைகளில் ஆட்டிச வகை நிலைகள் வர வாய்ப்பு 1.53 சதவீதம், கருவில் இந்த மருந்து பட்ட குழந்தைகளில் 4.42 சதவீதம். பிறவிக் குறைபாடுகளும் இந்த மருந்தால் கூடும். அதனால்தான் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு முடிந்தவரை வேறு மருந்து தேடுகிறோம். இதைப் படிக்கும் பெண்கள் யாராவது வலிப்புக்கு இந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள், நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகன் பிறந்து நாலு வயது ஆகிவிட்டது. போன வருஷம் தொடங்கிய சிரப், அதற்கு முன்பே இருந்த ஆட்டிசத்துக்குக் காரணமாக முடியாது. இந்த மருந்தில் நாங்கள் கவனிக்கும் விஷயங்கள் வேறு: கல்லீரல், இரத்தத் தட்டணுக்கள், எடை கூடுவது. விடாமல் வாந்தி, வழக்கத்துக்கு மாறான மந்தம், கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போவது இருந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள். மலச்சிக்கலையும் தூக்கத்தையும் அடுத்த முறை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆட்டிசத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட வேண்டாம், இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது, வயிறு சரியானாலே சில பிள்ளைகள் ராத்திரி தூங்க ஆரம்பித்துவிடும்.


பரமக்குடி பையன்:

டாக்டருக்கு நன்றி, நான் பதறிப்போய்த் தட்டச்சுப் பண்ணுவதற்குள் எழுதிவிட்டார்.

தொண்டித் தம்பி, வால்ப்ரோயேட் முறை சுலபம்தான், அதனால்தான் ஜாக்கிரதை தேவை. இந்த மருந்து செல்லுக்குள் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களின் நிலையை மாற்றி ஒரே நேரத்தில் ஏகப்பட்ட மரபணுக்களின் வேலையைக் கூட்டிக் குறைக்கிறது. அளவு கொஞ்சம் கூடினால் குஞ்சின் உடம்பே கோணிவிடும், இதயம் வீங்கும், அப்புறம் அது கூட்டத்தோடு நீந்தவில்லை என்று எழுதி என்ன பயன்? செய்வது என்றால் பல அளவுகளில் செய், உடல் வளர்ச்சி, நீச்சல், பார்வை சரியாக உள்ள குஞ்சுகளை மட்டும் பழகும் சோதனைக்கு எடு, எந்தக் குஞ்சு மருந்து பட்டது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. தலைப்பில் ஆட்டிச மீன் என்று மட்டும் போடாதே, வால்ப்ரோயேட் பட்ட மீன் என்று போடு. முதலில் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கேட்டுக்கொள்.


சிறப்பாசிரியர் அக்கா:

மீன் பேச்சுக்கு நடுவில் வருகிறேன், மண்டபத்துத் தங்கச்சிக்கு உடனே ஆகவேண்டிய வேலை இருக்கிறது. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று கேள், பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் அங்கே காசில்லாமல் கேட்கலாம். 2016-ம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசமும் மாற்றுத்திறன் வகைதான், அதனால் தேசிய அடையாள அட்டைக்கு எழுதிப்போடு. அதோடு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் கேட்கலாம். சென்னைப் பக்கம் போகும் வேலை இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் ஒருமுறை முழுசாகக் காட்டிவிடு.

வீட்டில், பேச்சு வரும்வரை படம் காட்டிக் கேட்கப் பழக்கு. தண்ணீர் டம்ளர், சோறு, வெளியே போவது, கக்கூஸ், உன் போனிலேயே போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டு. படம் பழகினால் பேச்சு வராது என்பார்கள், நம்பாதே, என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு அது பேச்சுக்கு உதவியாகத்தான் இருந்திருக்கிறது. அவன் அப்பா கரையில் இருக்கும் நாட்களில் அவரையும் உட்கார வை.


மண்டபத்துக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருந்து கொடுத்துவிட்டேன், தூங்கிவிட்டான். பொடி வாங்கப்போவதில்லை என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரே கேள்வி தம்பி. வலிப்பும் சேர்ந்து இருப்பதால் மரபணுப் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார், கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். எடுத்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?


பரமக்குடி பையன்:

ஆட்டிசமும் வலிப்பும் சேர்ந்து இருந்தால் காரணம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் டாக்டர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. குரோமோசோமில் பெரிய துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது மைக்ரோஅரே, எழுத்து எழுத்தாகப் பார்ப்பது எக்சோம். காரணம் தெரிந்தால் சில நேரம் வலிப்பு மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும், உதாரணமாக நான் முன்பு சொன்ன டிராவே நோயில் வழக்கமான சில வலிப்பு மருந்துகள் வலிப்பைக் கூட்டிவிடும். அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்றும் ஓரளவு சொல்லலாம். ஆனால் நிறையப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே வரும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்று வரலாம்: மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியாது என்று. அந்த இடத்தில் மீன் நேரடியாக உதவும். மீனில் அந்த மரபணுவை முடக்கிவிட்டு, மனிதரின் நல்ல மரபணுவின் ஆர்என்ஏ நகலை முட்டையில் ஊசியால் செலுத்தினால் குஞ்சு ஒழுங்காக வளரும். அதற்குப் பதில் அந்தக் குழந்தையிடம் இருக்கும் மாற்றத்தோடு செலுத்திப் பார்ப்பது. அப்போது குஞ்சு ஒழுங்காக வளரவில்லை என்றால் மாற்றம் கெடுதலானது என்று சந்தேகம் வலுக்கும். எல்லா மரபணுவுக்கும் இது முடியாது, ஒரு மாற்றத்துக்கே மாதக்கணக்கில் ஆகும், பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் பரிசோதனையும் இல்லை, ஆய்வகங்கள் ஆராய்ச்சியாகச் செய்வது. ஆனால் இப்படிச் சேரும் விவரங்களால் இன்றைக்குத் தெரியாது என்று எழுதிய ரிப்போர்ட் நாலு வருஷத்தில் தெரியும் என்று மாறுகிறது. அதனால் பரிசோதனை எடுத்தால் முழு ரிப்போர்ட்டையும் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் மரபணு ஆலோசகரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், உங்கள் வீட்டுக்காரரும் கூட இருந்தால் நல்லது, ஏனென்றால் பெரும்பாலும் அப்பா அம்மா இரண்டு பேருடைய இரத்தமும் கேட்பார்கள்.